கணக்குக் கேட்ட கோகலே

புனேயில் படிக்கும் நம் தமிழ் மாணவர்களில் எஃப்.சி. ரோட்டை அறியாதவர் ஒருவரும் இலர். ஊர் நினைவு வந்தால் இட்டலியும் காப்பியும் தேடி நாம் போகும் சாலை அது. மாத முதல் வாரத்தில் கையில் காசு இருக்கும்போது புத்தகக் கடைக்குப் போகிறோம். மாதக் கடைசியில் வேடிக்கை பார்க்கப் போகிறோம். அந்தச் சாலைக்கு முறையான பெயர் வேறொன்று உண்டு. நாமதார் கோபால கிருஷ்ண கோகலே சாலை என்பது அது. நாமதார் என்றால் மராத்தியில் மாண்புமிகு என்று பொருள். ஓராண்டுக்கு மேலாக அந்தச் சாலையில் நடந்தும் அப்பெயரை நான் கவனித்ததில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், உடன் வந்த மதுரை நண்பர் ஒருவர் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். பாரதியைக் கரைத்துக் குடித்தவர் அவர். கோகலேயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாரதியின் ‘கோக்கலே சாமியார் பாடல்’ ஒன்றுதான். மார்லியின் சீர்திருத்தங்களை நம்பியிருந்த கோகலேயை மகாகவி எள்ளி நகையாடிய பாட்டு அது. வெள்ளைக்காரனுக்கு மனு எழுதிக்கொண்டிருந்த மிதவாதிக்கு இவ்வளவு பெரிய சாலையா என்று நண்பர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

என் ஊர் வலங்கைமானுக்கு அருகில் உள்ள சிற்றூர். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் கோகலேயைக் குருவாகக் கொண்டவர் என்று பள்ளியில் கேட்டிருக்கிறேன். அந்த ஊர்ப் பற்று ஒன்றினாலேயே நூலகத்தில் கோகலேயின் பேச்சுத் தொகுதியை எடுத்தேன். நான் பௌதிகம் படிப்பவன். அரசியல் நூல்களில் பழக்கமில்லாதவன். ஆனால் எண்களைக் கண்டால் நின்று பார்ப்பேன். அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண்கள் இருந்தன. ஆகவே நின்றேன். அப்படி நின்று அறிந்துகொண்டதை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோகலே 1866 மே 9 அன்று இரத்தினகிரி மாவட்டத்துக் கோத்லுக் என்னும் கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். தந்தையார் கிருஷ்ணராவ் கோல்காப்பூரைச் சேர்ந்த காகல் என்னும் சிறு சமஸ்தானத்தில் எழுத்தராக இருந்து, பிறகு போலீசில் வேலை பார்த்தார். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது ஆகும்போது தந்தை இறந்தார். அண்ணன் கோவிந்தராவ் தம் படிப்பை விட்டுவிட்டு, மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குப் போனார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த 7 ரூபாயில் குடும்பத்தை நடத்தினார்.

இந்த ஒரு செய்தியை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். நம்மில் பலருக்கும் இப்படி ஓர் அண்ணனோ அக்காளோ வீட்டில் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு ரூபாயை வீணாக்கினாலும் நெஞ்சு குறுகுறுக்கும். அது பிறருடைய வியர்வை என்பது நமக்குத் தெரியும். பிற்காலத்தில் அரசாங்கத்தின் கோடிகளைக் கோகலே பார்த்த பார்வைக்கு இந்த எட்டு ரூபாயிலேதான் விதை இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, 1884-இல் பி.ஏ. தேறினார். விரும்பியிருந்தால் அரசாங்க உத்தியோகம் கிடைத்திருக்கும். அவரோ பூனாவில் தேசபக்தர்கள் நடத்திய பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு தக்காணக் கல்விக் கழகத்தின் ஆயுள் உறுப்பினரானார். இருபதாண்டுகள் குறைந்த சம்பளத்தில் உழைப்பதாக உறுதி கூறுவது அக்கழகத்தின் முறை. மாதச் சம்பளம் 75 ரூபாய். அக்கழகம் 1885-இல் தொடங்கிய கல்லூரியே பெர்குசன் கல்லூரி. எஃப்.சி. ரோடு என்ற பெயருக்குக் காரணமான கல்லூரி அதுதான். அங்கே கோகலே கணிதம் கற்பித்தார். ஆங்கிலமும், பின்னர் வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார். பள்ளி மாணவர்களுக்காக அவர் எழுதிய எண்கணிதப் புத்தகம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது.

அந்த நாட்களில்தான் அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். அவர் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே. அரசாங்கம் வெளியிடும் அறிக்கைகள், வரவு செலவுக் கணக்குகள், மக்கள்தொகைப் புள்ளிகள் ஆகியவற்றை ரானடே இளைஞரின் முன் குவித்துவைத்தார். அவற்றைப் படித்து, சுருக்கி, ஒப்பிட்டு, அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் எழுதவேண்டும். எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதவேண்டும். பன்னிரண்டாண்டுகளுக்கு மேல் இந்தப் பயிற்சி நடந்தது. இவ்வளவு பாடுபட்டு எழுதும் விண்ணப்பங்களுக்கு அரசாங்கம் இரண்டு வரிப் பதில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறதே என்று ஒருநாள் கோகலே மனம் சலித்துக் கேட்டார். அதற்கு ரானடே கூறிய விளக்கம் அவருடைய வாழ்நாளுக்கே வழிகாட்டியது. விண்ணப்பத்தில் அரசாங்கத்தின் பெயர் மேலே இருக்கிறது. ஆனால் உண்மையில் அது நம் மக்களுக்கு எழுதப்படுவது. தம் காரியங்களைத் தாமே சிந்திக்க அவர்கள் பழகவேண்டும் என்பதற்காக எழுதப்படுவது என்பதே அந்த விளக்கம். நண்பர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் முடிவில் இது தேவைப்படும்.

1895-இல் இந்தியச் செலவுகளை ஆராய்வதற்கு இங்கிலாந்தில் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் பெயரால் அதை வெல்பி ஆணையம் என்பர். அதில் உறுப்பினராக இருந்த ஒரே இந்தியர் தாதாபாய் நௌரோஜி. 1897-இல் அதன்முன் சாட்சி சொல்ல இந்தியாவிலிருந்து நால்வர் சென்றனர். தின்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, கோகலே, நம் ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோரே அந்த நால்வர். ‘சுதேசமித்திர’னை நிறுவிய அதே சுப்பிரமணிய ஐயர்தான். பின்னாளில் பாரதியைத் தம் பத்திரிகைக்கு அழைத்துக்கொண்டவரும் அவரே. கோகலேயைப் பழித்த கவிஞருக்கு வேலை கொடுத்தவர், கோகலேயோடு அதே ஆணையத்தின் முன் நின்றவர். சரித்திரம் இப்படித்தான் முடிச்சுப் போடுகிறது.

அப்போது கோகலேக்கு முப்பது வயது. நிதித்துறையில் தலை நரைத்த ஆங்கிலேயர்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவர் சொன்னதன் சாரம் இது. இந்தியாவில் செலவு கட்டுக்கடங்காமல் வளர்வதற்குக் காரணம், வரி கொடுப்பவனுக்குச் செலவில் ஒரு சொல்லும் இல்லாமையே. வரவு செலவுத் திட்டம் வைசிராயின் சட்டசபையில் இனம் இனமாக நிறைவேற்றப்பட வேண்டும். அரசாங்கம் தன் பெரும்பான்மையை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒவ்வோர் இனத்தையும் பிரதிநிதிகளின் முன் வைத்து, கேள்விக்கு விடை சொல்லிவிட்டுச் செலவு செய்யட்டும். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று இது மிகப் பெரிய கோரிக்கை.

அந்தப் பயணம் புகழோடு முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியவில்லை. அவ்வாண்டு பூனாவில் பிளேக் நோய். வீடு வீடாகச் சோதனை செய்யப் பட்டாளத்தை அனுப்பியிருந்தார்கள். சிப்பாய்கள் பெண்களை மானபங்கப்படுத்தியதாகப் பூனாவிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள் இலண்டனில் கோகலேக்குக் கிடைத்தன. அவர் கொதித்துப் போய் அதை இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட்டார். பெரும் பரபரப்பு உண்டாயிற்று. சான்று எங்கே என்று அரசாங்கம் கேட்டது. அவர் பம்பாய்க்குத் திரும்பியபோது, எழுதியவர்கள் யாரும் முன்வந்து சாட்சி சொல்லத் துணியவில்லை. நண்பர்களின் பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை. மெய்ப்பிக்க முடியாத குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார்.

ஊர் அவரைக் கோழை என்றது. வெள்ளையர் பத்திரிகைகள் பொய்யர் என்றன. இரு பக்கமும் அடி. வேறு ஒருவராயின் பொதுவாழ்வையே விட்டிருப்பார். கோகலே விடவில்லை. ஆனால் மாறினார். அதற்குப் பிறகு அவர் பேச்சில் ஆதாரம் இல்லாத வரி ஒன்றைக் காண்பது அரிது. இன்னும் ஒரு படி மேலே சொல்லலாம். எதிரியின் கணக்குப் புத்தகத்திலிருந்தே ஆதாரத்தை எடுப்பது என்ற முறையை அவர் கைக்கொண்டார். அரசாங்கம் தானே அச்சிட்ட எண்ணை அரசாங்கம் மறுக்க முடியாதல்லவா? சோதனைச் சாலையில் ஒருமுறை தவறான அளவைக் குறித்து ஆசிரியரிடம் தலைகுனிந்தவன் அடுத்த முறை மூன்று தடவை அளப்பான். அந்தத் தலைகுனிவு எனக்கும் நேர்ந்ததுண்டு. ஆகவே இந்த இடத்தில் கோகலே எனக்கு நெருங்கியவராகிவிட்டார்.

1899-இல் பம்பாய்ச் சட்டசபைக்கும், அதன் பிறகு பெரோஸ்ஷா மேத்தாவின் இடத்தில் வைசிராயின் சட்டசபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1902-இல் கல்லூரியிலிருந்து விடைபெற்றார்.

வைசிராயின் சட்டசபை எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லவேண்டும். 1892 வரையில், புது வரி ஏதேனும் வந்தாலன்றி, நிதி பற்றிப் பேசவே அச்சபைக்கு இடமில்லை. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கொரு முறை வரவு செலவு பற்றிப் பேச மட்டும் அனுமதித்தது. தீர்மானம் கொண்டுவர முடியாது. வாக்கெடுப்புக் கிடையாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுந்து தம் கருத்தைச் சொல்லுவார். நிதி உறுப்பினர் விடையளிப்பார். வைசிராய் முடித்துவைப்பார். திட்டத்தில் ஒரு தம்படி கூட மாறாது. மாற்றும் அதிகாரம் இல்லாத சபையில் ஒருவர் என்ன செய்ய முடியும்? பலர் பாராட்டுரை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

1902 மார்ச் 26. இடம் கல்கத்தா. தலைமை கர்ஸன் பிரபு. நிதி உறுப்பினர் சர் எட்வர்ட் லா. அவ்வாண்டு அரசாங்கத்தின் கையில் 7 கோடி ரூபாய் உபரி. இந்திய நிதி வரலாற்றில் அதற்குமுன் காணாத தொகை. சபையில் பாராட்டுகள் பொழிந்தன. கோகலே எழுந்தார். மற்றவர்களோடு சேர்ந்து பாராட்டத் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்று தொடங்கினார்.

அவர் கேட்டது எளிய கேள்வி. 1899–1900-இன் கொடும் பஞ்சம் இப்போதுதான் கடந்தது. பிளேக் இன்னும் ஓயவில்லை. மக்கள் எலும்பும் தோலுமாக இருக்கும்போது கஜானா மட்டும் எப்படிக் கொழுத்தது?

விடையையும் அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். அதை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். நண்பர்களும் போட்டுப் பார்க்கலாம். இந்தியா ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் பவுனில் பணம் செலுத்தவேண்டியிருந்தது. ஒரு பவுன் என்பது 240 பென்ஸ். 1894–95-இல் ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ 13 பென்ஸுக்கு இறங்கியிருந்தது. அப்போது ஒரு பவுன் அனுப்ப ஏறக்குறைய பதினெட்டரை ரூபாய் வேண்டும். இந்த நட்டத்தைக் காட்டித்தான் அரசாங்கம் வரிமேல் வரியாக உயர்த்தியது. 1886-இல் வருமான வரி வந்தது. 1888-இல் உப்பு வரி ஏறியது. 1894-இல் இறக்குமதித் தீர்வை வந்தது. பிறகு நாணயச் சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடியதன் பயனாக ரூபாயின் மதிப்பு 16 பென்ஸுக்கு ஏறியது. இப்போது ஒரு பவுனுக்கு 15 ரூபாயே போதும். பவுன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் மிச்சம். அனுப்புவதோ கோடிக்கணக்கான பவுன். நட்டம் போய்விட்டது; நட்டத்துக்காகப் போட்ட வரியோ போகவில்லை. அந்த வரிதான் உபரியாகக் குவிந்தது. ஆகவே அந்த உபரி செழிப்பின் அடையாளம் அன்று. தேவைக்கு மேல் பிடுங்கியதன் அடையாளம் என்று கோகலே முடித்தார்.

பிடுங்கியது யாரிடம்? அங்கேதான் உப்பு வந்தது. ஒரு மணங்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோ உப்புக்கு வரி 2 ரூபாய் 8 அணா. செல்வனும் ஏழையும் தின்னும் உப்பின் அளவு ஒன்றே. ஏழைக்குக் கஞ்சியில் வேறு ருசி இல்லாததால் அவனுக்கு உப்பு இன்னும் முக்கியம். வரி உயர்ந்த ஆண்டுகளில் மக்கள் உப்பைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதை அரசாங்கத்தின் புள்ளிகளிலிருந்தே அவர் எடுத்துக்காட்டினார். உப்பைக் குறைத்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அந்தக் குடும்பத்தை ஓர் எண்ணுக்குள்ளே கண்டுபிடித்தவர் அந்தக் கணக்கு வாத்தியார்.

வருமான வரியைப் பற்றியும் கேட்டார். அப்போது ஆண்டுக்கு 500 ரூபாய் வருமானம் உள்ளவரும் வரி கட்டவேண்டும். மாதம் 50 ரூபாய் வாங்கும் எழுத்தரும் தப்ப முடியாது. அந்த வரம்பை 1000 ரூபாயாக உயர்த்தவேண்டும் என்றார்.

சபையில் அன்று ஒன்றும் மாறவில்லை. மாறவும் முடியாது. ஆனால் பேச்சு அச்சாகி நாடெங்கும் போயிற்று. அடுத்த ஆண்டு, 1903-இல், உப்பு வரி 2 ரூபாயாகக் குறைந்தது. வருமான வரி வரம்பு 1000 ரூபாயாக உயர்ந்தது. 1905-இல் உப்பு வரி ஒன்றரை ரூபாய் ஆயிற்று. 1907-இல் ஒரு ரூபாய். நாற்பது அணா பதினாறு அணாவாக இறங்கியது. இவை அனைத்தும் கோகலே ஒருவராலேயே நடந்தன என்று சொல்வது மிகை. மற்றவர்களும் கேட்டார்கள், கஜானாவிலும் பணம் இருந்தது. ஆனால் பணம் இருக்கிறது, அது இன்னாருடையது என்பதை மறுக்க முடியாதபடி ஆண்டுதோறும் சபையில் மெய்ப்பித்துக்கொண்டிருந்தவர் அவர். வரி குறைந்ததும் உப்பு நுகர்வு ஏறியதை அடுத்த அடுத்த ஆண்டுகளில் எடுத்துக்காட்டவும் அவர் மறக்கவில்லை. சோதனை செய்தவன் முடிவையும் பதிவு செய்யவேண்டும் அல்லவா?

1902 முதல் 1912 வரை மார்ச்சு மாதம் வந்தால் கோகலே என்ன சொல்லப்போகிறார் என்று அதிகாரிகளே எதிர்பார்க்கும் நிலை உண்டாயிற்று. அவரோடு பல மசோதாக்களில் மோதிய கர்ஸன் பிரபுவும் அவருடைய திறமையை மதித்தார். படைச் செலவு ஏன் இப்படி வளர்கிறது என்று கேட்டார். இரயில் பாதைக்குக் கடன் வாங்கலாமே, வரிப்பணத்தின் உபரியை அதில் ஏன் போடவேண்டும் என்று கேட்டார். அந்த உபரி பள்ளிக்கும் சுகாதாரத்துக்கும் போகட்டும் என்றார். இத்தனைக்கும் எந்த அதிகாரியையும் திருடன் என்று அவர் சொன்னதில்லை. கணக்குக் கேட்பது வேறு, களவுக் குற்றம் சாட்டுவது வேறு என்பதை 1897-இல் கற்றவர் அவர்.

1905-இல் காசியில் கூடிய காங்கிரசுக்கு அவர் தலைமை தாங்கினார். அதே ஆண்டு ஜூன் 12 அன்று பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். 1907-இல் சீனிவாச சாஸ்திரியார் அதில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர், அந்தப் பதவியை விட்டு வந்தார். நம்மைப்போலவே தெற்கிலிருந்து பூனாவுக்கு வந்த ஒரு மாணவர் என்றே அவரைச் சொல்லலாம்.

1909-ஆம் ஆண்டுச் சட்டம் சபைக்கு இன்னும் கொஞ்சம் இடம் தந்தது. வரவு செலவு பற்றித் தீர்மானம் கொண்டுவரலாம், வாக்கெடுக்கலாம். ஆனால் தீர்மானம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. வைசிராயின் சபையில் அதிகாரிகளின் பெரும்பான்மையும் நீடித்தது. பாரதி எள்ளி நகைத்த சீர்திருத்தம் இதுதான். கோகலே இந்தச் சிறு சந்தினுள்ளும் புகுந்தார். 1910-இல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் சென்னைக் கப்பலில் ஏறிய நம் மக்கள். அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. 1911 ஜூலை முதல் நேட்டாலுக்கு ஆள் சேர்ப்பது நின்றது. 1911-இல், பொதுச் செலவு ஏன் இவ்வளவு பெருகியது என்று விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார்.

அவருடைய பெருங்கனவு தொடக்கக் கல்வி. 1911 மார்ச்சில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் படிக்கும் ஊர்களில், ஆறு முதல் பத்து வயதுள்ள சிறுவர்க்குக் கட்டாயக் கல்வி என்பது அதன் சாரம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமும் ஒரு பங்கை உள்ளூர் மன்றங்களும் ஏற்பது என்று அவர் வகுத்திருந்தார். 1912 மார்ச் 19 அன்று வாக்கெடுப்பு. எதிர்த்தவர் 38; ஆதரித்தவர் 13. மசோதா தோற்றது. இப்படியே முடியும் என்று அவர் அறிந்தே இருந்தார். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. இடையில் கழிந்தவை தொண்ணூற்றெட்டு ஆண்டுகள்.

நீரிழிவு நோயால் அவர் உடல் தளர்ந்துகொண்டே வந்தது. அந்த உடலோடு 1912-இல் தென்னாப்பிரிக்கா சென்று, ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் மீது போட்ட மூன்று பவுன் தலைவரியை நீக்கவேண்டும் என்று வாதாடினார். காந்தியடிகள் அவரைத் தம் அரசியல் குருவாகக் கொண்டார். அரசாங்கம் கொடுக்க வந்த சர் பட்டத்தை 1914-இல் அவர் மறுத்தார். 1915 பிப்ரவரி 19 அன்று பூனாவில் காலமானார். வயது நாற்பத்தெட்டு. இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது.

வரவு செலவில் சில இனங்களின்மீது வாக்களிக்கும் உரிமை மத்திய சட்டசபைக்கு 1921-இல் கிடைத்தது. பொதுக் கணக்குக் குழுவும் அவ்வாண்டே பிறந்தது. படைச் செலவு அப்போதும் வாக்குக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. 1950-இல் நம் அரசியலமைப்பு முழு உரிமையைத் தந்தது. ஒவ்வோர் அமைச்சகமும் மக்களவையில் மானியக் கோரிக்கை வைக்கவேண்டும்; அவை வாக்களித்தால்தான் பணம். செலவானதைத் தணிக்கைத் தலைவர் ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். வெல்பி ஆணையத்தின் முன் அந்த முப்பது வயது ஆசிரியர் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

கிடைத்ததை என்ன செய்தோம்? ஒவ்வோர் ஆண்டும் சில அமைச்சகங்களின் கோரிக்கைகளே மக்களவையில் விவாதிக்கப்படுகின்றன. மற்றவை நேரம் முடிந்ததென்று ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விடப்படுகின்றன. தலையை வெட்டும் கருவியின் பெயரால் இதைக் கில்லட்டின் என்பார்கள். 2018-இலும் 2023-இலும் அமளிக்கிடையே எல்லாக் கோரிக்கைகளும் விவாதமின்றியே நிறைவேறின. பேச்சுரிமை மட்டும் இருந்து வாக்குரிமை இல்லாத சபையில் கோகலே பேசினார். வாக்குரிமை உள்ள சபை பேசாமலே வாக்களிக்கிறது. நிலைக்குழுக்கள் இருக்கின்றன, அவை உழைக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அவற்றின் அறிக்கைகளைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

மக்களவையைக் குறை கூறுமுன் என்னைக் குறை கூறிக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் மன்றத்தின் பொதுக்குழு கூடியது. பொருளாளர் ஆண்டுக் கணக்கை வாசித்தார். இரண்டே நிமிடம். வெளியே தேநீரும் வடையும் காத்திருந்தன. எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். என்ன வாசித்தார் என்று யாரேனும் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

இந்த ஆண்டு கோகலேயைப் படித்த சூட்டோடு எழுந்து நின்றேன். இதர செலவு என்ற தலைப்பில் இருந்த தொகை, சென்ற ஆண்டைவிட ஏன் இரட்டித்திருக்கிறது என்று கேட்டேன். அவை ஒரு கணம் அமைதியாயிற்று. பொருளாளர் எனக்கு மூத்தவர். நான் அண்ணன் என்று அழைப்பவர். இரவு நேரத்தில் எனக்காக மருத்துவமனைக்கு ஓடி வந்தவர். அவர் முகம் வாடிவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அவரே என் அறைக்கு வந்து இரசீதுகளைக் கட்டிலின்மேல் பரப்பினார். பொங்கல் விழா மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்ததைத் தனி இனமாகக் காட்டாமல் இதர செலவில் சேர்த்திருக்கிறார். வேறொன்றுமில்லை. கணக்கு ரூபாய்க்கு ரூபாய் சரியாக இருந்தது. இருவரும் சிரித்தோம். அடுத்த ஆண்டு முதல் ஒவ்வோர் இனமும் தனித்தனியே எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று அவரே முடிவு செய்தார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கணக்குக் கேட்பது நட்புக்கு விரோதமன்று. நல்லவர் கையில் கணக்கு இருக்கும்போதே கேட்டுப் பழகவேண்டும். அப்போதுதான் அல்லாதவர் கையில் போகும்போது கேட்க நமக்கு நாக்கு எழும்.

மதுரை நண்பருக்கு இப்போது நான் விடை சொல்லிவிட்டேன். பாரதியின் கோபம் நியாயமானது. அடிமைக்கு உப்பு வரி குறைந்தால் மட்டும் போதாது, விடுதலை வேண்டும். கோகலேயின் பொறுமைக்கு எல்லை இல்லையா என்று எனக்கும் சில பக்கங்களில் தோன்றியது. ஆனால் விடுதலை வந்த பிறகு அதை நாள்தோறும் காக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குக் கோபத்தோடு கூட்டல் கழித்தலும் தேவைப்படுகிறது. ரானடே சொன்னபடி, கோகலேயின் பேச்சுகளில் மேலே இருப்பது வைசிராயின் பெயர். அவை எழுதப்பட்டது நமக்கு.

நண்பர் பதில் சொல்லவில்லை. பேச்சுத் தொகுதியை ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதைத் திருப்பித் தரவேண்டிய நாள் சென்ற திங்கட்கிழமை. நூலக அபராதக் கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன்.